ஒரு முழு நிமிடம்

முதல் தடவை மூக்கு ஒழுகியதற்கே ஓடினேன்.
இரண்டாம் தடவை, சளி மஞ்சளானதற்கு.
இரண்டு தடவையும் மிசி ரொஹானா
லோஷினியின் சட்டையைத் தூக்கி
நெஞ்சைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.
பால் குடிக்கிறாளா, விளையாடுகிறாளா,
பெம்பர்ஸ் நனைகிறதா?
அப்படியென்றால் வீட்டுக்குப் போ.
சளியின் நிறம் கிடக்கட்டும்.
இருமல் சத்தம் போடட்டும்.
இதோ, இந்த விலாவுக்கு அடியில் குழி விழுந்தால்
அன்றைக்கு வா.
தூங்கும்போது கிரா, எண்ணு.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே.
ஒன்றரை வயதுக்கு நாற்பதைத் தாண்டினால்
யாரிடமும் யோசனை கேட்காதே.

செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரன் நான்.
எடை மேடையில் பத்துக் கிலோ குறைந்தாலும் விட மாட்டேன்.
அவளிடம் மட்டும் தலையாட்டிவிட்டு வந்தேன்.
வரிசையில் இருந்த பெண்கள்
'இந்த அப்பா மறுபடியும்' என்றது
மலாயில்தான், ஆனாலும் சுட்டது.

அதனால்தான் மூன்றாம் தடவை
நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தேன்.
இரண்டு வரிசைக் கடை, ஒரு மில், ஒரு கிளினிக்,
இவ்வளவுதான் சுங்கை பாலாஸ்.
கிளினிக் ஐந்து மணிக்கே பூட்டிவிடும்.
விமலாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை,
கைப்பேசி லாக்கருக்குள்.
வெளியே புகைமூட்டம். மில்லின் விளக்கு
ஊறுகாய் ஜாடிக்குள் விழுந்தது போல் கிடந்தது.
பிள்ளைக்கு இருமல்கூட நின்றுவிட்டது.
அப்பாடா என்று நினைத்த முட்டாள் நான்.

புட்டிப்பால் குறையவே இல்லை.
உறிஞ்சுவாள், விடுவாள், மூச்சுக்கு வாய் திறப்பாள்.
பிறகு கேட்கவும் இல்லை.
கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
முப்பது வந்தபோது
முள் பாதிச் சுற்றைத்தான் தாண்டியிருந்தது.
தப்பு என்று மறுபடி முதலிலிருந்து.
ஐம்பத்தெட்டு.
மூக்கின் ஓரங்கள் விரிந்து விரிந்து அடங்கின.
சட்டையைத் தூக்கினேன்.
ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குழி,
யாரோ உள்ளிருந்து தோலைப் பிடித்து இழுப்பது போல.

கார் இல்லை. லோரி இருந்தது.
பக்கத்துக் கதவைத் தட்டினேன்.
பங்களாதேசத்து ஷொஹெல், கொதிகலன் வேலைக்காரன்,
கைலியோடு ஏறினான்.
படுக்க வைக்காதே, நிமிர்த்திப் பிடி என்றேன்.
அவனுக்குத் தமிழ் தெரியாது.
நிமிர்த்தித்தான் பிடித்திருந்தான்.
ஊரில் அவனுக்கும் ஒன்று இருக்கிறது,
கையால் உயரம் காட்டினான்.
பதினான்கு கிலோமீட்டர்.
செம்பனை, செம்பனை, ஒரு பாலம், செம்பனை.
ஒவ்வொரு தெருவிளக்கிலும்
உதடு நீலமா என்று திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் யாரும் சிரிக்கவில்லை.
விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள்,
முகத்தில் ஆவி விடும் மூடி.
ஏன் இவ்வளவு நேரம் என்றார் டாக்டர்.
மாலு.
வெட்கத்துக்கு மலாய்ச் சொல் எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

விடிந்ததும் விமலா வந்தாள்,
பதினேழு தவறிய அழைப்புகளோடு,
கையில் ரப்பர் மாவு வாடையோடு.
முப்பத்தெட்டு, இப்போது முப்பத்தெட்டுதான் என்றேன்.
அவள் காதில் வாங்கவில்லை.
பிள்ளையின் நெஞ்சில் கண்ணை ஊன்றி,
உதடு அசைய,
ஒன்று என்று ஆரம்பித்தாள்.