சுமை இல்லாத அளவு

ஆப்ரிகாட் பூத்து நான்கு நாள்.
அராரத் சமவெளியில் ஏப்ரலை யாரும் நம்புவதில்லை.
இரவு மைனஸ் இரண்டைத் தாண்டினால்
பூவின் நடுவில் ஒரு கரும்புள்ளி விழும்.
விடிந்து பார்த்தால் தோப்பு அழகாகவே இருக்கும்,
அதுதான் கொடுமை.

அதற்காகத்தான் இந்தக் காபித்தூள் டப்பா.
உள்ளே ரிலே, நாலைந்து மின்தடை.
வெளியே, கிளையில் கட்டிய ஒயர் நுனியில்
மிளகளவு தெர்மிஸ்டர்:
குளிரக் குளிர முறைத்துக்கொள்ளும் பிறவி.
அதற்கு எல்லை சொல்ல ஒரு பொட்டன்சியோமீட்டர்,
செத்த ரேடியோவின் ஒலிக் குமிழ்.
திருகினால் இன்னும் கொரகொரக்கிறது,
பாட ஏதோ பாக்கி இருப்பதுபோல.

நொறுக்கிய ஐஸைக் கோப்பையில் நிரப்பி
சென்சாரை முக்கிவிட்டு
குமிழை மயிரிழை மயிரிழையாய்த் திருகினேன்.
சிவப்பு விளக்கு எரிந்த இடம் பூஜ்யம்.
அங்கே நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன்.
பூஜ்யத்தில் கத்தினால்
புகை மூட்ட ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.

பேட்டரி மைத்துனன் சாசுன் தந்தது,
நீவா காரிலிருந்து கழற்றியது.
மீட்டரை வைத்துக் காட்டினான்:
"பன்னிரண்டு புள்ளி நாலு. கல்லு மாதிரி இருக்கு, நுவார்த்."
பார்த்தேன்.
கல்லு மாதிரிதான் இருந்தது.

மூன்றே கால் மணி.
சைரன் அலறவில்லை.
எனக்குக் கடைவாய்ப் பல் வலி, தூங்காமல் கிடந்தேன்.
கொட்டகைப் பக்கம்
யாரோ குளிரில் பல் கிட்டுவதுபோல்
டிக்டிக்டிக்டிக்டிக்.

ரிலே.
சைரனைத் தொடும், பேட்டரி துவளும்;
விடும், நிமிரும்;
நிமிர்ந்ததை நம்பி மறுபடி தொடும்.

வைக்கோல், ஈரக் கட்டை, இரண்டு டயர்.
விடியும்வரை எரித்தோம்.
கீழ்ச்சரிவில் மூன்று வரிசை போயிற்று.
மற்றவை பிழைத்தன.

காலையில் அதே பேட்டரிக்குக்
காரின் முகப்பு விளக்கைச் சுமையாகக் கொடுத்தேன்.
மூன்று ஆம்பியர் ஓடியது.
பன்னிரண்டு புள்ளி நாலு
எட்டு புள்ளி இரண்டாய் இறங்கி நின்றது.
காணாமல்போன நாலு புள்ளி இரண்டை
மூன்றால் வகுத்தேன்: ஒன்று புள்ளி நாலு ஓம்.
நான் வாங்காத,
எந்தப் படத்திலும் வரையாத ஒரு மின்தடை
பேட்டரிக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது.
மீட்டர் பொய் சொல்லவில்லை.
அது எதுவும் வேண்டாமல் கேட்டது,
இது எதுவும் கொடுக்காமல் பதில் சொன்னது.

இதைச் சாசுனிடம் சொல்லியிருக்கக் கூடாது.
"சும்மா இருக்கும்போது பன்னிரண்டு,
வேலை வந்தா எட்டு" என்றதும்
முகம் சுருங்கிவிட்டது,
தன்னைச் சொல்கிறேன் என்று.
மூன்றரைக்கு வெறுங்காலோடு ஓடிவந்து
டயர் நெருப்பில் புருவம் கருகியவன்!
பேட்டரியைத்தான் சொன்னேன் என்று
இரண்டு கோப்பைக் காபி தீரும்வரை சொன்னேன்.
பாதி நம்பினான்.

இப்போது டிராக்டர் பேட்டரி.
விளக்கை எரியவிட்டபடியே அளந்தேன்: பதினொன்று புள்ளி ஒன்பது.
நகப்பூச்சுப் பொட்டு அதே இடத்தில்.

பல் வைத்தியருக்குப் போன் செய்து
பிடுங்குவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.
பூ உதிர்ந்து காய் பிடிக்கட்டும்.
அதுவரை இருக்கட்டும்
இரண்டாவது சென்சார்.