முட்டைக்குச் சொல்வது

நாற்பத்தாறு டிகிரி.
ஊட்னடாட்டா சாலையோரம்
காற்றாலை பம்பைப் பழுது பார்க்க வந்தவன்
ஸ்பேனரோடு நிற்கிறேன்.
பல்சக்கரப் பெட்டிக்குள் கூடு.

உள்ளங்கைக்குள் அடங்கும் வரிச்சில்லை
முட்டைமேல் அமர்ந்து
மூச்சிரைப்பதுபோல் பாடுகிறது.

வெளியே கொதிக்கிறது, சின்னதாகவே இரு
என்று ஓட்டுக்குள் சொல்கிறதாம்.
பண்ணைக்காரி மெர்ல் சொன்னாள்.
சொன்ன வாயாலேயே
"தூக்கிப் போடு, மாடுகள் நிற்கின்றன" என்றாள்.

மாடுகள்
காய்ந்த தொட்டியின் இரும்பை நக்கின.

லாரியிலிருந்த தண்ணீரை
அதில் திறந்துவிட்டேன்.
"இப்படி எத்தனை நாளைக்கு?"
பன்னிரண்டு என்றேன்.
எனக்கென்ன தெரியும்.

தலை நனைக்க வாளியை எடுக்கப் போனால்
விளிம்பில் ஆண்பறவை.
செவ்வலகை நீரில் வைத்து
நிமிராமல்
உறிஞ்சிக்கொண்டிருந்தது.
வெயிலில் நின்றேன்,
அது முடிக்கட்டும் என்று.