இரண்டு மில்லிமீட்டர்

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்
கலாமாவின் பன்னிரண்டு மாதங்களை.
மகள் மில்லாராய் பள்ளியில் அச்செடுத்துத் தந்த தாள்.
பக்கத்தில் வல்திவியாவுக்கும் கட்டம் போட்டிருந்தாள்.
அது எதற்கு என்றேன்.
எங்கள் மாதங்களை
அடுப்புக்கு மேல் தொங்கும் காலுறைகளே சொல்லிவிடும்:
ஜனவரியில் ஒரே நாளில் காயும்,
ஏப்ரலில் மூன்று நாள்,
ஜூனில் காய்வதில்லை,
சூடாகும், அவ்வளவுதான்.

ரிகோபெர்த்தோ சுரங்கத்துக்குப் போன பிறகு
மீன்சந்தையிலிருந்து வந்ததும்
செதில் ஒட்டிய விரலோடு
மழைப் பத்தியில் இறங்கிப் பார்ப்பேன்.
பூஜ்யம். பூஜ்யம். மார்ச்சிலும் பூஜ்யம்.
தொலைபேசியில் அவன் பேச்சும் அந்த அளவுதான்.
சாப்பிட்டாயா? சாப்பிட்டேன்.
பணம் வந்ததா? வந்தது.
அங்கே எப்படி?
வெயில்.

துவைத்த சட்டை அங்கே
ஒரு மணி நேரத்தில் கருவாடாய் விறைத்துவிடுமாம்.
கொஞ்சம் பொறாமைதான் எனக்கு.
இரவில் தண்ணீர் உறையும் என்பதை
அவன் சொல்லவில்லை,
தாள் சொன்னது.

ஜூனுக்கு எதிரே மட்டும் ஒரு 2.

அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.
எங்கள் ஜூனுக்கு நானூறு.
மீன்தலைக்கு வாய் பிளக்கும் கடற்சிங்கங்களுக்கு நடுவே
ஒரு கையால் தராசை மூடிக்கொண்டு
மறுகையால் சில்லறை கொடுப்போம்.
ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.
இரண்டு மில்லிமீட்டர்
குடையை உதறினாலே விழும்.

போன வெள்ளிக்கிழமை அது பெய்துவிட்டது.
பள்ளிகளை மூடினார்களாம்.
ஆணியில்லாமல் கல் வைத்து நிறுத்திய தகரங்கள்,
மழையையே நினைக்காமல் எழுப்பிய சுவர்கள்,
மெத்தையும் மாவு மூட்டையும் தெருவில்.
இத்தனையும் அவனாகச் சொன்னான்,
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு சற்று நேரம் பேச்சில்லை.
பிறகு,
"நம் கூரைச் சத்தம் இங்கே கேட்கிறது" என்றான்.
குரல் ஓரத்தில் நனைந்திருந்தது.

எனக்கு வேறென்ன தெரியும்,
கூரை தெரியும்.
கீழ்த்தகரத்தை முதலில் போடு,
மேல்தகரம் அதன் மேல் ஒரு சாண் ஏறட்டும்,
ஆணியை மேட்டில் அடி, பள்ளத்தில் அடிக்காதே,
தலையில் தார் வை.
சரி என்றான். திரும்பச் சொல் என்றான்.
நாற்பது நிமிடம்.
கல்யாணமான புதிதில்கூட
இத்தனை நேரம் பேசியதில்லை.

தாளில் ஜூலை மறுபடி பூஜ்யம்தான்.
இருக்கட்டும்.
இரண்டு டப்பா தாரும்
அரைக்கிலோ ஆணியும்
இன்று காலை பேருந்தில் போட்டுவிட்டேன்.