அடர்த்தி நல்லாத்தான் இருக்குது

ரிக் வண்டியிலிருந்து இறங்கினேன்.
விழவில்லை. இறங்கினேன்.
முப்பது வருசமாக இறங்குகிற அதே இரண்டாம் படி.
காய்ந்த சோளத்தட்டை முழங்காலில் வைத்து ஒடித்தது போல
ஒரு சத்தம், என் இடுப்புக்குள்ளேயிருந்து.

சுக்தேவ், ஜார்க்கண்டுப் பையன்,
கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.
அப்போது நானூற்று எண்பது அடி. வெறும் புகை.
தோட்டக்காரர் முதலில் குழியைப் பார்த்தார்,
அப்புறம்தான் என்னை.

ஈரோட்டில் ஆணி வைத்தார்கள்.
இரண்டு மாசம் கழித்து வேறொரு படுக்கை.
மேலே ஒரு கை மெல்ல ஊர்ந்து போனது.
சத்தம் போடாத மெஷின் எனக்குப் புதுசு.
"பொங்கியண்ணன் யாருங்க?" என்று கூப்பிட்ட ஷகிலா பானு
பேப்பரைப் பார்த்தபடியே சொன்னார்:
"அடர்த்தி நல்லாத்தான் இருக்குதுங்க.
உங்க வயசுக்குக் கொஞ்சம் அதிகமாவே."

தொண்ணூற்றெட்டுக் கிலோ.
சுமக்கிற எலும்பு தடித்துத்தானே கிடக்கும்.
"அப்புறம் ஏனுங்க முறிஞ்சுது?"

டாக்டர் இன்னொரு பேப்பரைத் திருப்பினார்.
மூணு மாசச் சர்க்கரை: பத்து புள்ளி நாலு.
எலும்பு என்பது கல்லும் நாருமாம்.
மெஷின் கல்லை மட்டும் எண்ணுமாம்.
சர்க்கரை போய் ஒட்டுவது நாரிலாம்,
வருசக் கணக்கில், சத்தமில்லாமல்.
பழசைச் சுரண்டுகிற ஆளும்
புதுசு பூசுகிற ஆளும்
இரண்டு ஷிப்டும் தூங்குகிறார்களாம் உள்ளே.

எனக்குப் பாகு தெரியும்.
கவுந்தப்பாடிப் பக்கம் ஓர் ஆலைக்கொட்டாயில்
போர் போட்ட மாசி மாசம்,
கொப்பரையோரம் நின்று பார்த்திருக்கிறேன்.
இளம்பதத்தில் நூலாக இழுபடும்.
கொஞ்சம் அசந்தால் போச்சு,
தட்டினால் தெறிக்கும்.

கல்லைப் பற்றி ஊர் ஊராகச் சொன்னவன் நான்.
சங்ககிரிக் கல்லும் காங்கேயத்துக் கல்லும்
சுத்தியல் அடியில் வேறு வேறு மாதிரி பேசும்.
கெட்டிக் கல் என்று நம்பி
ராடு மாட்டித் தவித்த ராத்திரி எத்தனை.

டாக்டரிடம் ஒன்றைச் சொல்லவில்லை.
அந்தப் படியில் கால் பட்டதா இல்லையா
என்றே எனக்குத் தெரியவில்லை அன்றைக்கு.
ஒரு வருசமாகவே செருப்பு கழன்றால்
மண்ணில் தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்.

இப்போது திருச்செங்கோட்டு வீட்டில், வாக்கரோடு.
சுக்தேவ் கூப்பிடுகிறான், விதர்பாவிலிருந்து.
போனைக் குழியோரம் பிடிக்கச் சொல்கிறேன்.
கேட்கிறேன்.
"இன்னொரு ராடு போடு. விரிசல் இருக்குது."

கீழே உட்கார்ந்து ரத்தினா
சீப்பு முனையால் என் பாதத்தைத் தொடுகிறாள்.
"தெரியுதா?"
போனில் பாறை உடைகிற சத்தம்.
"இங்கே?"
கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.
"தொட்டுட்டயா?" என்று கேட்கிறேன்.