பதினொன்றாம் கேள்வி

முதலில் கட்டம் போட்டேன்:
எளிது, நடுத்தரம், கடினம்.
எளிது என்ற கட்டத்தில், கண்ணை மூடிக்கொண்டு
பதினொன்றாவதாக இதை வைத்தேன்.

ஈரத்துணி எங்கே விரைவில் காயும்?
அ) மரநிழலில்    ஆ) வெயிலில்
இ) அடுப்புக்கு மேலே    ஈ) மூடிய பெட்டிக்குள்

செவ்வாய்ப்பேட்டை மொட்டைமாடியில்
கொடியில் போட்ட வேட்டி அரைமணியில்
அப்பளமாய் விறைக்கிற ஞாயிற்றுக்கிழமை எழுதியது.
விடை ஆ.
வேறென்ன இருக்க முடியும்?

தேர்வு நடந்தது நாகலூரில், நவம்பரில்.
கடைசி பெஞ்சு மஞ்சுக்குள் இருந்தது.
இருமலை வைத்துத்தான்
யார் எங்கே என்று தெரிந்தது.

மாலைப் பேருந்தில் மடியில் வைத்துத் திருத்தினேன்.
இருபது கொண்டையூசி வளைவுகளில்
'சரி'யெல்லாம் கோணிக்கொண்டு போயின.
தப்புகள் மட்டும் எப்படியோ நேராக விழுந்தன.

பதினொன்றில் மொத்தம் இருபத்தாறு பேர்.
இருபத்துநாலு பேர் இ.
எப்போதும் முதலில் வரும் தரணிவேல் இ.
பூவிழி இ,
அடித்து எழுதாமல், ஒரே இழுப்பில்.
ஆ போட்டவள் ஹேமப்பிரியா ஒருத்திதான்,
ஜூனில் அம்மாப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தவள்.
அவள் தாளில் மீதி பாதி காலி.

பி.எட்.டில் படித்திருக்கிறேன்:
நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு
மற்றவர் பிடித்துக்கொள்ளும் கேள்வி
பழுதான கேள்வி, நீக்கிவிடு.
அதை எழுதி
ஐந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

எட்டாம் வளைவில்
ஏறி வரும் லாரிக்காக வண்டி நின்றது.
குனிந்தபோது
என் சட்டையிலிருந்து விறகுப்புகை வாசம்.
காலையில் தொப்பலாய் நனைந்து போனதை
சத்துணவுக்கூடத்து நல்லம்மாள்
அடுப்புக்கு மேல் கம்பியில் போட்டு
பதினோரு மணிக்குச் சூடாகக் கொடுத்தாள்.
அதை மாட்டிக்கொண்டுதான்
அந்தக் கேள்வித்தாளை நீட்டியிருக்கிறேன்.

இருபத்துநாலு தப்பையும் சுழித்து
பக்கத்தில் சரி போட்டேன்.
ஹேமப்பிரியாவுக்கும் இருக்கட்டும்;
அவள் வீட்டுக் கொடி
இன்னும் அம்மாப்பேட்டையில்தான் ஆடுகிறது.

ஒரு தாள் பாக்கி. சி. மாதேஷ்.
நாலில் எதையும் சுழிக்கவில்லை.
கீழே பென்சிலில், அழுத்தி:
காயாது சார்.

கோரிமேடு தாண்டி
சட்டென்று மஞ்சள் வெயில் ஜன்னலில் ஏறியது.
எல்லாத் தாளையும் கூட்டிவிட்டேன்.
அவனுடையதை மட்டும் மேலே வைத்திருக்கிறேன்.
நாளைக்கு அவனிடம் கேட்கவேண்டும்,
எத்தனை நாளாய் என்று.