கணவாய் ஓடு

மூன்று முறை எடுத்துவிட்டேன்.
மூன்று முறையும் செம்பு பொன்னாகி
இளிக்கிறது.

மேசை விளக்கு மஞ்சள், கூரை எல்இடி நீலம்.
இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது
கிண்ணியா நிஸ்தார் கொண்டுவந்த
ஒல்லாந்தச் சல்லி.
"அந்தப் பளபளப்பு அப்பிடியே இருக்கட்டும் தங்கச்சி,
கொழும்புக்காரர் நல்ல சல்லி தருவார்."

கூரை விளக்கை அணைத்தேன்.
வெள்ளைத்தாளைக் காட்டினால் கமரா ஏமாறும்:
தாளுக்கும் நீலம் போட்டிருக்கிறார்கள்,
பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடுவதுபோல.
சாம்பல் அட்டை தொலைந்து ஒரு மாதம்,
சாம்பல்தீவு பஸ்ஸில்தான் என்று நினைக்கிறேன்,
சிரிக்க வேண்டாம்.

ஜன்னலில் ஒரு கணவாய் ஓடு,
சல்லிக் கடற்கரையில் பொறுக்கியது.
காசு இருந்த இடத்தில் அதை வைத்து
இதுதான் வெள்ளை என்றேன்.
கமரா கொஞ்சம் யோசித்து
நம்பியது.

நான்காவது படத்தில் பொன் இல்லை.
தேய்ந்த எழுத்து. பள்ளங்களில் களிம்புப் பச்சை.
விளிம்பைத் தொட்ட என் விரல்நுனியில் மட்டும்
மஞ்சள் போகவில்லை,
அது மத்தியானத்து மீன்கறி.

நிஸ்தார் திரையைப் பார்த்தார்,
உள்ளங்கையில் காசை எடுத்துப் பார்த்தார்,
மறுபடி திரையை.

"ஓம், இது என்ட காசுதான்."

விலையைப் பற்றி
பிறகு பேசவேயில்லை.