நாலாவது குழி

கேப்பர் மலைச் செம்மண்ணில்
ஒரு சாண் இறங்கிய கடப்பாரை
சட்டென்று நின்றது.
கல்லென்றால் சத்தம் வேறு.
இது வேர்.
மரமோ இருபதடி தள்ளி,
வார்டர் குடியிருப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்.

ஒரு முழம் நகர்த்தித் தோண்டினேன்.
அங்கேயும் அதுவே.
மூன்றாவது குழியில்
சுண்டுவிரல் கனத்தில் ஒன்று
வெட்டுப்பட்டு
ஈரமாய்ப் பார்த்தது என்னை.
மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.
நாலாவதில் இடம் கிடைத்தது,
ஒரே ஒரு இட்லிப்பூச் செடிக்கு.

நைட் டூட்டி முடிந்து வந்ததும்
தினம் ஒரு குடம்.
சாணி எரு, வேப்பம்புண்ணாக்கு,
செல்வநாயகி அரிசி களைந்த தண்ணீர்.
ஆடி போய் ஆவணி வந்தும்
வாங்கிய உயரத்திலேயே நின்றது செடி,
காலைக் கணக்கெடுப்பில் நிற்பவனைப் போல.

பிடுங்கிப் பார்த்தேன்.
நான் கொட்டிய எருவுக்குள்
செடியின் வேர் கொஞ்சம்.
மீதியெல்லாம் மயிர்மயிராய்
தூங்குமூஞ்சியின் வேர்.
கீழிருந்து ஏறி வந்து
ஐம்பது குடத்தையும்
குடித்துவிட்டிருக்கிறது.

பெயர்தான் தூங்குமூஞ்சி.

கோபத்தில் அரிவாள் தேடினேன்.
மணி பதினொன்று.
மொட்டைமாடித் தளம் கொதிக்காமல்,
நான் படுக்கிற அறைக்கு மட்டும்
மதியம் மூன்றுவரை நிழல்.
அரிவாள் எங்கே என்று செல்வநாயகி கேட்டாள்.
தேங்காய்க்கு என்றேன்.

அது இரவில் தூங்குகிறது, நான் பகலில்.
ஷிஃப்ட் மாறும் ஆறு மணிக்கு
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்:
அது இலை விரிக்கும்,
நான் பூட்ஸ் கழற்றுவேன்.

இட்லிப்பூவைப் பெயிண்ட் வாளிக்கு மாற்றி
வாசல் வெயிலில்,
இரண்டு செங்கல் மேல் வைத்தேன்.
அடியில் ஓட்டை வழியாக
வந்துவிடுமோ என்று
இன்றும் வாளியைத் தூக்கிப் பார்க்கிறேன்.

ஐப்பசியில் வானம் மூடியதும்
பட்டப்பகலில் இலையை மடக்கிக்கொண்டது மரம்.
மழை நேராகத் தரைக்கு வந்தது.
நாலு நாள் கழித்து,
துவைக்கிற கல்லுக்குப் பின்னால்
இரண்டு வேர் பிரிகிற கவட்டில்
உள்ளங்கை அகல மண்ணில்
ஒரு கனகாம்பரக் கன்று.
யாரும் நடவில்லை.
ஈரம் பட்டால் வெடிக்கும் விதை,
எங்கள் தொட்டியிலிருந்து தெறித்திருக்கும் என்றாள்
பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி.

தையில் பூத்தது, ஆரஞ்சு நிறத்தில், ஒரு கதிர்.

குடத்தோடு அருகில் போனவன்
ஊற்றாமல் திரும்பிவிட்டேன்.
ஊற்றினால்
அதற்குத் தெரிந்துவிடும்.